ஆடிட்டுக்கு ஒரு நர்ஸ்

11 ஜூன் 2007, திங்கள்

குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அனுப்பர்பாளையம் பிரஸ்ஸுக்குத் தாமதமாகத்தான் போனேன். காலை முழுக்க ஒரு குழந்தைச் சட்டையின் லேபிள். நெருப்பிலிருந்து தள்ளி வைக்கவும் என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய வரியில் ‘தள்ளி’ விட்டுப்போயிருந்தது. கண்டுபிடித்துச் சொன்னேன். மெஷின்காரர் முறைத்தார். பிழை பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணை மூடமாட்டேன் என்கிறேனாம் — என் வீட்டுக்காரர் சொல்வது.

மகள் ஆஷா கோயமுத்தூர் ஆஸ்பத்திரி இன்டர்வியூவிலிருந்து மத்தியானமே திரும்பிவிட்டாள். நான் வரும்போது புடவையை மாற்றிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“பி.எஸ்சி.யா டிப்ளமோவான்னாங்க. டிப்ளமோன்னேன். ஃபைலத் தொறக்கவே இல்லம்மா.”

“டிப்ளமோ படிச்சவங்களும் வரலாம்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே?”

“போட்டிருந்துச்சு.”

பிறகு எதற்கு வரச் சொன்னார்கள்? கூட்டம் காட்டவா? ஏற்கெனவே ஆளை எடுத்துவிட்டுத்தான் விளம்பரம் போட்டிருப்பார்கள்.

தாராபுரத்தில் மூன்றரை வருடம் படித்தாள். சென்னையில் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தாயிற்று. இனி என்ன பாக்கி என்று நினைத்திருந்தோம். பட்டம் பாக்கியாம். பட்டம் வாங்கிய நான் லேபிளில் பிழை பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

13 ஜூன், புதன்

உன் செட்டில் யாருக்காவது வேலை கிடைத்ததா என்று கேட்டேன். “தெரியலம்மா.” கூடவே தங்கிப் படித்தவர்களைப் பற்றி எப்படித் தெரியாமல் இருக்கும்?

20 ஜூன், புதன்

டவுனுக்குள்ளேயே ஒரு நர்சிங் ஹோம். இந்த முறை நானும் போனேன். டாக்டரின் மனைவிதான் ஆள் எடுக்கிறார். முகம் நிறையச் சிரிப்பு, கழுத்தில் கனத்த சங்கிலி.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு ஒரு வருசக் கோர்ஸ் முடிச்ச புள்ளைங்களே போதுமுங்க. டிப்ளமோ புள்ளைங்க நாலு மாசத்துல வெளிநாடு போறேன்னு கெளம்பிருவாங்க.”

“அந்தப் பிள்ளைங்களுக்கு ஊசி போடத் தெரியுமுங்களா?”

“டாக்டர் சொல்லித் தந்துருவாருங்க.”

சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. குறைந்த சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்று நேராகச் சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் ஆஷா ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னாள்: “கோயமுத்தூர்ல எக்ஸெல் கேக்கறாங்க. இங்க எஸ் கேக்கறாங்க. நான் எம்.”

பனியன் ஊரில் வளர்ந்த பெண். அவளுக்குத் துக்கம்கூட சைஸாகத்தான் வருகிறது.

2 ஜூலை, திங்கள்

இவர் இன்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற கட்டிங் மாஸ்டர் ஐந்து மணிக்கு ஏன் வர வேண்டும்?

வேலை கிடைத்திருக்கிறதாம் ஆஷாவுக்கு. இவருடைய முதலாளியின் அண்ணன் பெருமாநல்லூர் ரோட்டில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துகிறார். அங்கே நர்ஸ் வேண்டுமாம்.

“ஃபர்ஸ்ட் எய்டு ரூமு. எட்டரைக்குப் போனா அஞ்சரைக்கு வந்துரலாம். நைட்டு டூட்டி கெடையாது. பொம்பளப் புள்ளைக்கு இதவிட என்ன வேணும்?”

“அனுபவம் கேக்கலயா?”

“இல்ல.”

“பி.எஸ்சி.?”

“ஏன்டி, வேல குடுக்குறவனே கேக்கல. நீ என்னத்துக்கு இந்தக் கேள்வி கேக்குற?”

நோயாளிகள் படுத்திருக்கிற இடத்தில் வேண்டாம் என்றார்கள். பனியன் தைக்கிற இடத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் வா என்கிறார்கள். இதில் எதுவோ இருக்கிறது.

5 ஜூலை, வியாழன்

கம்பெனிக்கு நானும் கூடப் போனேன். முதலாளியின் மகள் மோனிஷாதான் ஆட்களைப் பார்த்துக்கொள்கிறாள். எம்.பி.ஏ. படித்தவள், ஆஷாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். “வாங்கக்கா, உக்காருங்க” என்று தானே எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டாள்.

அறையைக் காட்டினாள். கட்டில், கண்ணாடி அலமாரி, எடை பார்க்கும் மெஷின். விரிப்பில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் இந்தக் கட்டிலில் ஒருவர்கூடப் படுத்ததில்லையா?

“ஒரிஜினல் சர்டிபிகேட் எங்ககிட்ட இருக்கட்டுங்கக்கா. ஸ்டாஃப் எல்லாத்துக்கும் அப்படித்தான்.”

“எப்ப தருவீங்க?”

“ஒரு வருசம் முடிஞ்சா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டோட சேர்த்தே குடுத்தர்றமுங்க.”

வாங்கிக்கொண்டதற்கு ஒரு வரி எழுதித் தரக் கேட்டேன். “நம்பிக்கை இல்லீங்களாக்கா?” என்று சிரித்தாள். மேஜைக்கு அடியில் ஆஷா என் காலை மிதித்தாள். பேசாமல் வந்துவிட்டேன்.

அந்த ஒரு வருட அனுபவம்தான் இப்போது எல்லாம். அது கையில் இருந்தால் டிப்ளமோ என்று ஃபைலைத் திறக்காமல் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆஷா அப்படித்தான் சொல்கிறாள். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

14 ஜூலை, சனி

படிக்கும்போது லீவுக்கு வந்தால் வாய் ஓயாது. பிரசவ வார்டு, வயிற்றுவலிக் கிழவர், மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்த அம்மாள் — இரண்டு நாளும் அதே பேச்சு. இப்போது?

“இன்னிக்கு யாருக்கு என்ன?”

“ஒருத்தருக்குத் தலைவலி. மாத்திரை குடுத்தேன்.”

நேற்றும் தலைவலி. முந்தாநாளும் தலைவலி.

28 ஜூலை, சனி

அவளுடைய வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்தேன். துவைக்க அதில் ஒன்றுமில்லை. அழுக்கில்லை, மருந்து வாசனை இல்லை. ஆனால் தலைமுடியில் பஞ்சு. இவர் கட்டிங் மேஜையிலிருந்து வரும்போது புருவத்தில் ஒட்டியிருக்குமே, அதே பஞ்சு. கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் அழுந்தின தடம். அந்தத் தடம் எதனால் வரும் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு தலைவலிக் கதைதான் வரும்.

10 ஆகஸ்ட், வெள்ளி

பிரஸ்ஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சாக்குக்குக் கொஞ்சம் மீன்குழம்பு.

கேட்டில் வாட்ச்மேன் மணியன். வயதானவர், மரியாதையான மனிதர்.

“நர்ஸைப் பார்க்கணும்.”

“நர்ஸுங்களா? இன்னிக்கு ஆடிட் இல்லீங்களே.”

“ஆடிட் இருந்தாத்தான் நர்ஸா?”

“ஆமாங்க, அன்னிக்குத்தான அந்த ரூமைத் தொறப்பாங்க.” அப்புறம்தான் என் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தார். “நீங்க யாருங் சாமி?”

“ஆஷாவோட அம்மா.”

அவர் தரையைப் பார்த்தார். என்னைத் தடுக்கவில்லை. பக்கவாட்டு ஜன்னலில் கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துப் பார்த்தேன். செக்கிங் மேஜை. வரிசையாகப் பெண்கள், மலை போலப் பனியன். நடுவில் என் மகள், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அழுந்த, சின்னக் கட்டரால் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெண் என்னவோ சொல்ல, இவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் அதைப் பார்த்து எத்தனை நாளாகிறது.

குழம்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

11 ஆகஸ்ட், சனி

இவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

“சரக்கு வாங்குற வெளிநாட்டுப் பார்ட்டி சார்பா ஆடிட் வர்றப்ப நர்ஸு இருக்கணும்னு ரூல். மத்த நாளு சும்மா ஒக்கார வச்சு எவன் சம்பளம் குடுப்பான்? செக்கிங்ல ஒக்காருன்னாக. அவளே சரின்னுட்டா.”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் மறைச்சீங்களா?”

“ஒன்கிட்ட சொன்னா என்ன செய்வன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.”

ஆடிட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? அன்று எல்லோர் மூக்கிலும் முகமூடி. கக்கூஸில் சோப்பு. வயது குறைந்த பிள்ளைகளுக்கு லீவு. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே பாடம். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் சோப்பை எடுத்துப் பீரோவில் பூட்டிவிடுவார்கள் என்று இவரே எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தச் சோப்பு மாதிரிதான் என் மகளா?

கத்திவிட்டேன். மூணரை வருசம் படிச்சது பிசிர் வெட்டவா, எல்லாரும் சேர்ந்து என்னைக் கிறுக்காக்குறீங்களா — எதெதுவோ பேசினேன். ஆஷா உள்ளே இருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

“அம்மா, ஒரு வருசம். அப்புறம் நானே போயிருவேன். நீ வந்து கெடுத்துராத.”



4 செப்டம்பர், செவ்வாய்

வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள் காலையில் வாசல் கூட்டும்போது என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சொல்றனேன்னு தப்பா நெனைக்காதே கண்ணு. உங்கூட்டுப் புள்ளைய நேத்து ஆட்டோவுல பாத்தேன். ஒரு பையனோட. அவன் கையை எடுத்து இவ மடியில வெச்சுப் புடிச்சுக்கிட்டுப் போறா.”

“வேற யாராவது இருக்கும்ங்க.”

“எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது.”

நேற்று வீட்டுக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஓவர்டைம் என்றாள்.

ஓ. அந்தச் சிரிப்பு அதற்குத்தானா.

5 செப்டம்பர், புதன்

அவள் துப்பட்டாவில் ரத்தம். சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறாள். போகவில்லை. என்னவென்று நினைப்பது?

9 செப்டம்பர், ஞாயிறு

கேட்டுவிட்டேன். இவர் கறி வாங்கப் போயிருந்தார்.

“யாரு அந்தப் பையன்?”

“எந்தப் பையன்?”

“ஆட்டோவுல மடியில கையை வச்சுக்கிட்டுப் போனவன்.”

முதலில் சிரித்தாள். பிறகு வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

அவன் பெயர் முனீஸ். உசிலம்பட்டிப் பக்கம், நம் ஊர்ப்பக்கத்துப் பையன். ஓவர்லாக் டெய்லர். திங்கட்கிழமை மத்தியானம் அவன் மெஷினில் ஊசி உடைந்துவிட்டது. ஊசி உடைந்தால் இங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாத் துண்டையும் சேர்த்து முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தச் சரக்கு நகராது. எங்கேயோ ஒரு குழந்தையின் சட்டையில் அந்தத் துண்டு போய்விடக் கூடாதே.

அன்றைக்கு ஒரு துண்டு குறைந்தது. லைனை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர், டெய்லர்கள், அவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடிப் பெண்கள் எல்லோரும் தரையில் குனிந்து காந்தத்தை வைத்துத் தேடினார்களாம். முனீஸும் அவர்களோடு குனிந்து தேடிக்கொண்டிருந்தான். விரலில் கழிவுத் துணியைச் சுற்றிக்கொண்டு.

“விரலுக்குள்ள இருக்கும்னு அவனுக்கே தோணலையா?”

“வலிக்குதுன்னுதான் துணி சுத்தியிருக்கான். ஆனா அவன் நெனப்பெல்லாம் துண்டு மேலதாம்மா. கெடைக்கலன்னா வேலை போயிரும்னு பயம்.”

செக்கிங்குக்கு வந்த பனியனில் ரத்தக் கறை பார்த்துவிட்டு ஆஷா எழுந்து போயிருக்கிறாள். துணியை அவிழ்த்துப் பார்த்து, துண்டு இங்கேதான் இருக்கு என்று சொன்னாளாம். உடனே சூப்பர்வைசர், “நீ நர்ஸ்தான புள்ள? எடுத்துக் குடு, லைனை ஓட்டோணும்” என்றாராம். எக்ஸ்ரே பார்க்காமல் தொடமாட்டேன் என்று சொல்லி ஆட்டோவில் கூட்டிப் போயிருக்கிறாள். வழியெல்லாம் அவன் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். காணாமல் போன துண்டு விரலுக்குள் இரண்டாக உடைந்திருந்தது. ஒன்று எலும்புக்குள்ளேயே இறங்கியிருந்ததாம்.

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா கம்பெனிக்கு வந்து நிப்ப.”

கதை உண்மையாகத்தான் இருக்க வேண்டும். துப்பட்டாவில் ரத்தம் இருக்கிறதே. இருந்தாலும் முனீஸ், முனீஸ் என்று தேவைக்கு அதிகமாகவே சொன்னாள்.

16 செப்டம்பர், ஞாயிறு

புதன்கிழமை ஆடிட். லைன் நின்றதும் சரக்கு தாமதமானதும் பார்ட்டிக்குத் தெரிந்திருக்கிறது. ஆடிட்டர் அதைப் பற்றிக் கேட்பாராம். கம்பெனியிலேயே, அந்த அறையில் வைத்து, நர்ஸே துண்டை எடுத்துவிட்டாள் என்று ஆஷா சொல்ல வேண்டுமாம். வெளி ஆஸ்பத்திரி என்றால் அவன் யார், அவனுக்கு இன்சூரன்ஸ் அட்டை இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். கம்பெனி முனீஸுக்கு அந்த அட்டை எடுக்கவே இல்லை.

மோனிஷா ஆஷாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாளாம். இன்று சாப்பிடும்போது இவரும் சொன்னார்.

“ஒரு வார்த்ததான? சொல்லிட்டுப் போ தாயி.”

ஆஷா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ?

நான் ரசம் ஊற்றினேன். எனக்கு அந்த ஒரு வருடம் வேண்டும். இங்கேயாவது அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

19 செப்டம்பர், புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு போனாள். பத்து மணிக்குப் பிரஸ்ஸுக்கு மோனிஷாவின் போன்.

“அக்கா, ஆஷா இன்னும் வரலீங்க. ஊட்டுல இருக்குதுங்களா?”

“இல்லையே, அங்கதானே வந்தா?”

“வரலீங்கக்கா. ஆடிட்டர் அவினாசி தாண்டிட்டாருங்க.”

எனக்கு ஆடிட்டர் எங்கே வந்தால் என்ன? என் வாயில் முதலில் வந்தது: “முனீஸ் வேலைக்கு வந்திருக்கானா?”

“முனீஸுங்களா? அவன ஊருக்கு அனுப்பியிருக்கமுங்க. ஏனுங்கக்கா?”

போனை வைத்ததுகூட நினைவில்லை. அவனும் இல்லை, அவளும் இல்லை. நினைத்தது நடந்துவிட்டது. இவருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. ஆஷாவிடம் செல்போன் கிடையாது. ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். அவன் ஊர் விலாசமாவது கிடைக்கும். அதோடு, போனவள் எப்படியும் சர்டிபிகேட்டை விட்டுவிட்டுத்தான் போயிருப்பாள். அதை அங்கே விட்டுவைக்கக் கூடாது என்றும் பட்டது. அந்த நேரத்தில் அது ஏன் தோன்றியது? தெரியவில்லை. தோன்றியது.

மணியனுக்குப் புதுத் தொப்பி போட்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் முகமூடி. கம்பெனியே ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

மோனிஷா என்னை ஆபீஸுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். “அக்கா, ஆடிட்டர் மேல ஃபேப்ரிக் பாத்துட்டிருக்காரு. சத்தம் போடாதீங்க, புண்ணியமாப் போகும்.”

“என் மக சர்டிபிகேட்டைக் குடுங்க.”

“நாளைக்கு வாங்கக்கா.”

“இப்ப குடுங்க. இல்லைன்னா இங்கேயே நிக்கிறேன். மேல இருக்கிறவர் இறங்கி வரட்டும்.”

மிரட்ட வேண்டும் என்று நினைத்து வரவில்லை. பேசியபிறகுதான் அது மிரட்டல் என்று புரிந்தது. அவள் பீரோவைத் திறந்து உறையை எடுத்துக் கையில் திணித்தாள். பிரித்துப் பார்த்தேன், பெயரைப் படித்தேன், பையில் வைத்தேன். முனீஸின் விலாசம் கேட்டேன், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அதற்குள் படியில் ஷூ சத்தம்.

வெளியே போக வழி அந்த ஃபர்ஸ்ட் எய்டு அறையைத் தாண்டித்தான். கதவு திறந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் எழுந்து நின்றாள். பதினெட்டு வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ. மேலுதட்டில் வியர்வை. கோட்டில் பெயர் அட்டை: ஆஷா.

அப்படியே நின்றுவிட்டேன். ஆடிட்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பெங்களூர்க்காரர் போலிருந்தது, கண்ணாடி, நல்ல முகம். நான் இங்கே வேலை செய்கிறேனா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நான் நர்ஸுடைய அம்மா” என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகிழ்ச்சி என்றார். மோனிஷாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை — அடி விழப்போகும் குழந்தை பார்ப்பதுபோல. இல்லை, இவள் என் மகள் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? தலையாட்டினேன்.

இரண்டு வாரம் முன்னால் ஒருவருக்கு விரலில் ஊசி ஏறியதாமே, அதற்கு என்ன செய்தாய் என்று அவர் பெண்ணைக் கேட்டார். மோனிஷா தமிழில் சொன்னாள். பெண் வாயைத் திறந்தாள், பாடம் மறந்துவிட்டது. மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள்.

சும்மா இருந்திருக்கலாம். சர்டிபிகேட் பையில் இருந்தது. ஆனால் அந்த அட்டையில் என் மகள் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, இங்கேயே குத்தி எடுத்தேன் என்று யாராவது சொல்வதை நின்று கேட்க முடியவில்லை.

“அவள் தொடவில்லை. எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். உள்ளே இரண்டு துண்டு இருந்தது” என்றேன்.

ஆடிட்டர் மோனிஷா பக்கம் திரும்பினார். அவள், பெரிய சாமர்த்தியக்காரிதான், சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: “ஆமாம் சார். எக்ஸ்ரே எடுக்காமல் நாங்கள் எதுவும் செய்வதில்லை. அதுதான் எங்கள் வழக்கம்.”

ஆடிட்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் திருப்தி.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் மகளைக் காணோம் என்பது திரும்ப நினைவுக்கு வந்தது. விலாசம் எழுதின தாள் கையில் கசங்கிக் கிடந்தது. இவர் கம்பெனிக்குப் போய் இவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் முனீஸ் ஊருக்குப் பஸ் ஏறுவதாக இருந்தோம். இவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஆஷா வந்தாள். காலையில் போன அதே முகம், நிறையப் புழுதி.

“எங்கடி போன?”

“வெள்ளகோவிலுக்கு.”

“அவனோடயா?”

“எவனோட?” நிஜமாகவே புரியாமல் கேட்டாள். “அங்க ஒரு ஆஸ்பத்திரில ஆள் வேணும்னு கூடப் படிச்சவ சொன்னா. ரோட்டு மேலயே இருக்குது, ஆக்ஸிடென்ட் கேஸ்தான் ஜாஸ்தி. டிப்ளமோன்னேன். ‘வெய்ன் புடிச்சு டிரிப்ஸ் ஏத்தத் தெரியுமா’ன்னாங்க. ஏத்திக் காட்டினேன்.”

“யாருக்கு?”

“அங்க படுத்திருந்த தாத்தாவுக்கு. அவரு பாவம், ஒண்ணும் சொல்லல.” சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “திங்கக்கெழமையே வரச் சொன்னாங்க. ஒரிஜினல் கொண்டு வரணும். அது எங்க கெடைக்கப் போகுது. ஆடிட்டுக்கு வேற போகல. இனி அவங்க தரமாட்டாங்க.”

நான் பையிலிருந்து உறையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். இவர் சட்டைப் பித்தானைப் போட்ட கையோடு அப்படியே நின்றார்.

20 செப்டம்பர், வியாழன்

அறையில் நடந்ததை எல்லாம் இன்று சொன்னேன். “அது கைமடி சாமியாத்தா. டீ வாங்க அனுப்பினாலே பயந்துக்குவா” என்று ஆஷா சிரித்தாள். பிறகு, “எக்ஸ்ரேன்னு நீ சொன்னியா?” என்றாள்.

“சொன்னேன்.”

போய்த் துணி துவைக்க உட்கார்ந்தாள். என் புடவையையும் சேர்த்துத் துவைத்துப் போட்டாள்.

24 செப்டம்பர், திங்கள்

ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு வாளி. இவர் கூடப் போய் விட்டுவிட்டு வந்தார். அங்கேயே மாடியில் அறை, மற்ற நர்ஸுகளோடு. போன மாதம் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்களாம். ஏன் விட்டார்கள் என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா?

29 செப்டம்பர், சனி

ஆடிட்டில் கம்பெனிக்கு நல்ல மார்க். தொழிலாளி நலனுக்குத் தனியாகப் பாராட்டாம். இவருடைய கம்பெனியிலும் லட்டு கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்தார். நான் தொடவில்லை. முனீஸ் திரும்பி வந்துவிட்டான், விரல் மடங்கவில்லை, இப்போது பேக்கிங்கில் இருக்கிறான் என்றும் சொன்னார். அன்றைக்கு ஆடிட்டர் அவனைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவனுக்கு அட்டை இல்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

7 அக்டோபர், ஞாயிறு

பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் செய்தாள். “நல்லா இருக்கேன்மா. தூக்கம்தான் பத்தல.” பின்னால் யாரோ அதட்டும் சத்தம். யாரது என்றேன். வைத்துவிட்டாள்.

என்ன வேலை வாங்குகிறார்களோ. தரை துடைக்க விட்டிருப்பார்களோ. பெயருக்கு நர்ஸ், பார்ப்பது ஆயா வேலையோ. ஒரு முறை ஏமாந்தது போதாதா.

14 அக்டோபர், ஞாயிறு

சொல்லாமல் போனேன். சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும்.

காங்கேயத்தில் பஸ் மாறி வெள்ளகோவில் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. சின்ன ஆஸ்பத்திரிதான். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்தது வேறு ஒரு அம்மாள். பெயர் கேட்டு வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு டெம்போ வந்து நின்றது. மொபெட்டில் போனவரை லாரி தட்டிவிட்டதாம். கால் திரும்பிக் கிடந்தது. கூடவே ஒரு கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். உள்ளே இருந்து ஆஷா வந்தாள். நீல உடுப்பு, தோளில் அவளுக்குப் பெரிதாக. முன்னால் இருந்தவர்களை விலக்கிவிட்டு அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், வேட்டியைக் கத்தரித்தாள். உள்ளே திரும்பி யாருக்கோ என்ன வேண்டும் என்று சொன்னாள். குரல் பெரிதாக இல்லை. ஆனால் கேட்டது.

“ஏனுங்க, ஒருத்தர் மட்டும் கூட வாங்க. மத்தவங்க எல்லாம் வெளிய நில்லுங்க.”

சொல்லும்போது கண் என் மேலும் பட்டது. நிற்கவில்லை. அடுத்தவர் மேல் போய்விட்டது. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது.

நானும் மற்றவர்களோடு வெளியே வந்தேன்.

அடிபட்டவரின் அம்மா போலிருக்கிறது, என் தோளைப் பிடித்துக்கொண்டார். “ஏங் கண்ணு, சின்னப் புள்ளையாட்டம் இருக்குதே. சரியாப் பாக்குமா? பெரிய படிப்புப் படிச்ச நர்ஸு யாருமே இல்லியா?”

“பாக்கும்ங்க” என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கதவிலிருந்த கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டார். நான் போய் வேப்பமரத்து நிழலில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வெளியே வர நேரமாகும்.